ஓரி முதல் ஒன்றாம் நம்பர் வரை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 வளைவுகள் உண்டென்பதும், அவற்றைக் கொண்டை ஊசி வளைவுகள் என்று வழங்குவதும் யாவரும் அறிந்த விஷயமாயினும், ஒரு மலை முழுவதையும் ஸ்திரீகளின் கூந்தற் சாதனம் ஒன்றின் பெயரைச் சொல்லியே ஏறி இறங்குகிறோமே என்று யோசித்த பண்டிதர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இம்மலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய பெரக்கரை நாட்டிலிருந்து (இங்கே நாடு என்றால் ஊராட்சி) செம்மேட்டுக்குச் சென்று முடி வெட்டிக்கொண்டு திரும்பும் அடியேனுக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆண்மயிருக்கு ஓரி என்று ஒரு பெயர் நிகண்டில் உண்டு. அவன் குதிரைக்கும் அதே பெயர். அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவனோ மலையமான் திருமுடிக்காரி. அங்கே முடி என்பது கிரீடம் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும், ஆட்சேபித்துவிட்டுப் போகட்டும். இம்மலையில் முடி சம்பந்தமாக நிகழ்ந்த முதல் விபரீதம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

பெண்டிர் கூந்தலைக் குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என ஐவகையாக வகுத்து, அதற்கு ஐம்பால் என்றே பெயரிட்ட நம் முன்னோர், ஆடவர்க்குக் குஞ்சி, பித்தை, பங்கி என்று பெயர்களை வாரி வழங்கினார்களேயன்றி, பின்கழுத்தில் எத்தனை விரற்கடை விடவேண்டும் என்று நாவிதரிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தை வைத்துப் போகவில்லை. பின்னர் வந்த பாகவதர் கிராப்பு, போலீஸ் கட்டிங், ஸ்டெப் கட்டிங் முதலியவற்றுக்கு ஓர் உருவமாவது உண்டு. 'மீடியம்' என்பதோ வெட்டுகிறவர் சித்தத்தில் மட்டும் வாசம் செய்வது. எல்லாவற்றினும் அபாயகரமானது 'கொஞ்சம்'. கொஞ்சமாக எடுப்பதா, கொஞ்சமாக வைப்பதா என்பது கத்தரி ஓய்ந்த பிறகே தெளிவாகும்; தெளிந்து பயனில்லை.

ஆகவே எண்களே சத்தியம் என்ற சித்தாந்தத்துக்கு வந்தேன். மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருப்பதால், எந்த வளைவில் வண்டி நின்றது என்பதில் எங்களுக்குள் விவகாரம் எழுவதில்லையல்லவா? சலூன் மிஷினில் மாட்டும் சீப்புகளுக்கும் அவ்வாறே எண்கள் உண்டு.

"மிஷின் எத்தனைங்கண்ணா?" என்று கேட்டார் செம்மேட்டுச் சலூனில் முடி வெட்டும் இளைஞர்.

பேராசை கூடாதென்று கருதி, "ஒண்ணு போதும் தம்பி" என்றேன்.

அந்த எண் வெட்டுவதன் அளவன்று, விட்டுவைப்பதன் அளவு என்னும் சூத்திரத்தை அதன்பின் கண்ணாடியில் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஒன்று என்றால் மிஞ்சுவது 3 மில்லிமீட்டர். நான்கு என்றால் ஏறக்குறைய 13. மிகக் குறைவாகக் கேட்ட அடக்கசாலிக்கே மிக அதிகமாகப் போய்விடும் இந்த விசித்திர கணிதத்தில், விட்டதை மீட்க மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்தாக வேண்டும்.

"ஏங்கண்ணா, நீங்கதானுங்க ஒண்ணு போதும்னீங்க?" என்றார் அவர். மறுக்க இயலவில்லை.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பாட்டி என் தலையைப் பக்தியோடு நோக்கி, "மாசி பெரியசாமிக்கு வேண்டுதலா சாமி?" என்று வினவினார். இவ்வளவு விவரத்தையும் அவருக்கு எடுத்துரைக்க ஊர் வருவதற்குள் அவகாசம் போதாதாகையால், ஆமாம் என்றேன்.