பங்கேற்கச் சொன்னோம், உட்காரச் சொல்லவில்லை

முதியவர்கள் வீட்டுக்குள் முடங்காமல் நாலு பேரோடு கலந்து பழகினால் நோய்நொடி அண்டாது என்று உலக சுகாதார நிறுவனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஆரோக்கியமான முதுமைக்கென்றே ஒதுக்கியும் விட்டார்கள். சென்னையை ஒட்டி, ஓஎம்ஆர் சாலையில் அடுக்ககங்கள் நிறைந்த சிறுசேரிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே முதியோரின் சமூகப் பங்கேற்பு விடியற்காலை ஐந்தரைக்கே ஆரம்பமாகிவிடுகிறது. பால் பாக்கெட்டை எடுத்து வைப்பது, பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, பார்சல் வாங்குவது, ஓடிபி சொல்வது, பிளம்பர் வந்தால் பக்கத்திலேயே நின்று கண்காணிப்பது, நாலு மணிக்கு வேனிலிருந்து பேரனை இறக்குவது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் இதற்குப் பெயர் வேலை. அப்பா செய்தால், "அவருக்கும் பொழுது போகணுமில்ல?"

அந்த அப்பாவுக்குப் பெயர் வேண்டாம், பிளாக்குக்கு ஒருவர் இருக்கிறார். காவிரிக் கரையில் எங்கோ ஒரு ஊரில் முப்பது வருஷம் வாத்தியார். கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கோயில் கணக்கு, நூலகத்துக்குப் புத்தகத் தேர்வு, பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்து என்று எல்லாவற்றிலும் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஊர் வீட்டை விற்றுத்தான் சிறுசேரி ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். விற்றது அவர் வீடு, வாங்கியது மகன் பெயரில். இப்போது அவர் 'சி பிளாக் 1104 தாத்தா'. சிப்காட் ஐடி பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் பதினோராவது மாடி பால்கனியிலிருந்து பிரமாதமாகத் தெரியும். பேச ஆள்தான் தெரியாது.

ஏன், கிளப் ஹவுஸ் இருக்கிறதே! விளம்பரத்தில் முதலில் போட்டதே 'சீனியர் சிட்டிசன் கார்னர்' தானே! இருக்கிறது. அங்கே நாலு சிமெண்ட் பெஞ்ச், கூழாங்கல் பதித்த, எட்டு வடிவ நடைபாதை ஒன்று. காலையில் அந்த எட்டில் எட்டுப் பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நடக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை, பேசினால் மூச்சு வாங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாலையில் அதே பெஞ்சில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாக அரசியல் பேசிவிட்டால் போதும், அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்துவிடும். வொர்க் ஃப்ரம் ஹோம் செய்பவர்களுக்குத் தொந்தரவாம். ஞாயிற்றுக்கிழமை லாஃப்டர் கிளப்பில் மட்டும் சத்தம் போடலாம். காரணமில்லாமல் சிரிக்க அனுமதி உண்டு. காரணத்தோடு பேச இல்லை.

அசோசியேஷன் கூட்டத்தில் போய்ப் பேசலாமே என்பீர்கள். பேசலாம், ஃபிளாட் உங்கள் பெயரில் இருந்தால்.

தனிமைக்கும் உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. 2025 ஜூனில் வந்த அறிக்கைப்படி, உலகமெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களில் தனிமைக்குப் பங்கு உண்டு. மணிக்கு நூறு பேர். சிறுசேரியில் யாரும் அதில் சேர மாட்டார்கள். இங்கே சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள்.

தனிமையே இல்லாத ஒரு முதியவரையும் காட்டுகிறேன். கேட்டுக்குப் போங்கள். நீலச் சட்டை, தோளில் ஒரு பட்டை, வயது அறுபத்தைந்துக்குக் கீழே சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைச் சந்திக்கிறார், ஒவ்வொரு காருக்கும் எழுந்து சல்யூட் அடிக்கிறார், டெலிவரிப் பையன்களின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். கலந்து பழகினால் ஆரோக்கியம் என்ற சூத்திரத்தின்படி பார்த்தால் ஓஎம்ஆரிலேயே அதிக ஆரோக்கியமான கிழவர் இவர்தான். உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து உடற்பயிற்சியும் ஆகிறது. சில அடுக்ககங்களில் இந்தப் பயிற்சியையும் நிறுத்திவிட்டார்கள். நாற்காலி இருந்தால் தூங்கிவிடுகிறாராம்.

வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வலிக்குக் கிடைத்த நியாயம் அது. அடுக்கக வாசலுக்கு அந்தச் சட்டம் வருமா வராதா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். அறுபத்தைந்து வயது மனிதருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட சட்டப் பிரிவு தேடுகிற இடத்துக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம் பாருங்கள், அதைச் சொன்னேன். அதே வாசலில் காலையில் துடைப்பத்தோடு நுழையும் ஹவுஸ்கீப்பிங் ஆயாக்களிலும் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பங்கேற்பு லிஃப்டில் அல்ல, படிக்கட்டு வழியாக.

அரசு சும்மா இருக்கிறதா? ஆதரவற்ற முதியோருக்கு மாநில அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து வந்தது, 2023இல் அதை 1,200 ஆக்கியது. அதில் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். 2007 வாக்கில் நிர்ணயித்த அதே 200. அன்றிலிருந்து மூப்படையாத ஒரே பொருள் இந்த நாட்டில் அதுதான். சென்னை மாநகரப் பேருந்தில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. போக ஒன்று, வர ஒன்று. ஆக, மாதத்தில் ஐந்து நாள் சமூகத்தில் பங்கேற்கலாம். மீதி இருபத்தைந்து நாளும் ஆரோக்கியமாக வீட்டிலேயே இருக்கலாம். ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்தோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். முதியவர்கள் பயணம் செய்தால் ஆபத்தாம். கொரோனா போன பிறகும் நம் பெரியவர்களின் உடல்நலத்தில் ரயில்வேக்கு இருக்கும் அக்கறை குறையவே இல்லை.

பெற்றோரைக் கைவிட்டால்? அதற்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் கேட்டு ஆர்டிஓவிடம் மனுப் போடலாம், உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆனால் கைவிடுதல் என்றால் என்ன? பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போனால் குற்றம். பதினோராவது மாடியில் வைஃபை, டிவி, இன்டர்காம் சகிதம் விட்டுவிட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி ஆபீசில் உட்கார்ந்திருந்தால்? அதற்குப் பெயர் செட்டில் ஆவது.

2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியோர் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். கேரளம் முதியோருக்கென்று தனி ஆணையமே அமைக்கச் சட்டம் போட்டது. நாம் அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தை மிகச் சிறப்பாகக் கொண்டாடுகிறோம். அடுக்ககத்தில் மேடை, பேனர், பொன்னாடை, இலவசமாக சர்க்கரைப் பரிசோதனை. பிறகு எழுபது வயதுக்காரர்களுக்கு மியூசிகல் சேர். சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் நாற்காலி கிடைக்காதவர் வெளியே. நாற்காலி போதாமல் கேட்டிலிருந்து ஒன்றை எடுத்து வருவார்கள். அதன் சொந்தக்காரர் அதுவரை நின்றபடியே கைதட்டுவார்.

மறுநாள், காந்தி பிறந்த நாளில், ஊராட்சிதோறும் கிராம சபை. பங்கேற்பு என்றால் அதுதான். பேருந்து நிறுத்தத்தில் ஏன் நிழலும் இல்லை பெஞ்சும் இல்லை, கேட்டுக்கு வெளியே கால் வைத்தால் நடைபாதை எங்கே, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளை யார் தடுப்பது என்று எழுந்து கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற குரல், மைக்கே தேவைப்படாது.

வாத்தியார் வரமாட்டார். கிராம சபையில் பேச இந்த ஊர் வாக்காளராக இருக்க வேண்டும், அவர் பெயர் இன்னும் விற்றுப்போன வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. மாற்றித் தருவதாக மகன் மூன்று வருஷமாகச் சொல்கிறான். ஆபீசில் ரிலீஸ் மேல் ரிலீஸ். தவிர, அன்றைக்கு விடுமுறை, குடும்பத்தோடு மாலுக்குப் போகிறார்கள். கார் நிறைந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வேறு வருகிறதாம், வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே.