பழைய வீட்டுப் பெரியப்பா

சென்னையிலிருந்து புதுச்சேரி 150 கிலோமீட்டர்தான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய், சாயங்காலம் கடலில் கால் நனைத்து, ராத்திரி நம் வீட்டுத் தலையணையிலேயே தலை வைத்துவிடலாம். இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். "போயிட்டு வர்றதுக்குப் பேரு டிரிப்பாடா? ராத்தங்கணும். அதுவும் ஹெரிடேஜ் வீட்டுல தங்கணும்."

உங்கள் வீட்டில் இவர் சித்தப்பாவாகவோ, மாமாவாகவோ, வேறு வழியில்லாமல் சம்பந்தியாகவோ இருக்கக்கூடும். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். அறை பதிவு செய்த ரசீதை மூன்று நகல் எடுத்து ஒன்றைப் பெரியம்மாவின் கைப்பையிலும், ஒன்றைக் காரின் டாஷ்போர்டிலும், ஒன்றைத் தன் சட்டைக்குள்ளும் வைத்திருப்பார். போன் செத்துப்போனால்? கார் தொலைந்தால்? பெரியம்மாவே தொலைந்துபோனால்? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஏற்பாடு உண்டு.

பிறந்த ஊர் திண்டிவனம். அதனால் இந்தக் கடற்கரை முழுக்கத் தன் பூர்வீகச் சொத்து என்கிற தோரணையில்தான் முன் ஸீட்டில் உட்கார்ந்து வருவார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்கிற இடம்தான் சங்ககாலத்து மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனிடம் போகிற பாணர்களுக்கு வழி சொல்ல நல்லூர் நத்தத்தனார் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. எந்த ஊர் வழியாகப் போகலாம், எங்கே யார் சோறு போடுவார்கள், தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும் என்று சாப்பாட்டு விவரத்தோடு எழுதிய வழிகாட்டி. எயிற்பட்டினத்தில் பரதவர்கள் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று வருகிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. பாணர்கள் ரசீதை மூன்று நகல் எடுத்துப் போனதாகத் தகவல் இல்லை.

அந்தப் பாட்டைப் பற்றிப் பெரியப்பா கடப்பாக்கம் வரைக்கும் பேசுவார். கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்த கோட்டை. இடிந்த செங்கல் சுவர், அதற்கப்பால் தண்ணீர், படகு. பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டால், "டிக்கெட் எவ்வளவு?" என்பார். டிக்கெட்டே கிடையாது என்று தெரிந்ததும் ஆர்வம் அடங்கிவிடும். "அப்ப ஒண்ணும் இருக்காது. வண்டியை விடுப்பா."

மரக்காணத்தில் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் கண்ணைக் கூச வைக்கும் குவியல். மழைக்காலம் முழுக்க முங்கிக் கிடந்த நிலத்தைத் தை மாதவாக்கில் மிதித்துப் பாத்தி கட்டி, வெயில் ஏற ஏறப் பலகையால் இழுத்து வாருவார்கள். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் கரைந்து கடை மூடல். சாலையோரத்தில் ஓர் அம்மா கல்லுப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். பெரியப்பா கண்ணாடியை இறக்கினார்.

"அஞ்சு கிலோ எவ்வளவும்மா?"

"அம்பது ரூவா சார்."

"நாப்பது."

"அம்பது ரூவா உப்புக்கு இன்னா சார் பேரம்? ஒருநாள் வெயில்ல நின்னு வாரிப் பாரு, நீயே நூறு சொல்லுவ."

கண்ணாடி ஏறிவிட்டது. ஏமாற்றுகிறார்களாம். அடுத்த அரைமணி நேரம் சுங்கச்சாவடி ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். 2024-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய கழுவெளிச் சதுப்புநிலம் வலதுபக்கம் எங்கோ பறவைகளோடு கடந்துபோனது.

புதுச்சேரிக்குச் சற்று முன்னால் வரும் ஆரோவிலிலேயே தங்கலாமே, மரத்தடியில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றனவே என்று ஒருமுறை யோசனை சொன்னேன். "அந்த ஊரு எப்ப ஆரம்பிச்சது?" என்றார். 1968 பிப்ரவரி 28, 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு கலசத்தில் போட்டுத் தொடங்கினார்கள் என்றேன். "என்னைவிடச் சின்ன ஊரு. அதுக்கு ஏதுடா சரித்திரம்?"

ஆனாலும் வழியில் இருப்பதால், ஆரோவிலின் நடுவில் இருக்கும் மாத்ரிமந்திரைப் பார்த்துவிட வேண்டும். பார்வையாளர் மையத்திலிருந்து நிழலில் நடக்கிற பாதை அது. மரமே இல்லாமல் மழைக்கு அரித்துப்போய்க் கிடந்த செம்மண் மேட்டில் வரப்புக் கட்டி, கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, ஊர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுமாக வளர்த்த காடு. என்னைக் கேட்டால் ஆரோவிலில் பார்க்க வேண்டியதே அதுதான். பெரியப்பா அதற்குள் நடந்துகொண்டே, "என்னடா, பார்க்க ஒண்ணுமே இல்ல, வெறும் மரமா இருக்கு" என்றார்.

மாத்ரிமந்திரின் தங்க உருண்டை கண்ணில் பட்டதும் பாதுகாவலர் தம்பியிடம் போனார். "உள்ள என்ன சாமி?"

"சாமி கிடையாது சார். நடுவுல 70 சென்டிமீட்டர் கண்ணாடிக் கோளம். மேலேருந்து சூரிய வெளிச்சம் அதுல விழும். பேசாம உட்கார்ந்து மனசைக் குவிக்கணும். அதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணும்."

"பேசாமயா?"

"இவருக்கு வேணாம்ப்பா" என்று பெரியம்மா முடித்துவைத்தாள்.

1971-ல் தொடங்கி 2008-ல் முடித்தார்கள் என்று பலகையில் படித்தவருக்குத் தாங்கவில்லை. "முப்பத்தேழு வருஷம்! நம்ம மாடியை எட்டு மாசத்துல முடிச்சேன்." அந்த மாடி ஒழுகுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

புதுச்சேரிக்குள் நுழையும்போதுதான் மச்சான்கள் கண் விழிப்பார்கள். பெரியப்பா சொட்டுத் தொடாதவர். ஆனால் அவருடைய சரித்திரப் பயணங்களுக்கு மச்சான்கள் மட்டும் ஒருவர் விடாமல் வந்துவிடுவதன் காரணம், திரும்பும்போது கோட்டக்குப்பம் சோதனைச்சாவடியில் அவர்கள் காட்டும் பவ்யத்தில் தெரியும்.

விடுதி ரோமன் ரோலண்ட் வீதிக்குப் பக்கத்தில். மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், உயரமான கதவு, நடுவில் முற்றம், காகிதப்பூக் கொடி, சங்கிலி போட்ட சாவி. பெரியப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வரவேற்பில் நின்ற பையன் குயிலாப்பாளையத்துக்காரன். அவனிடம், "டூப்ளே இந்த வீட்டுக்கெல்லாம் வந்திருப்பாரு, இல்ல?" என்றார்.

"வாய்ப்பில்ல சார். அவரு 1754-லயே ஊருக்குத் திரும்பிட்டாரு. 1761-ல இங்கிலீஷ்காரங்க புடிச்சி, இந்தப் பக்கத்தையே தரைமட்டம் ஆக்கிட்டாங்க. இதெல்லாம் அதுக்கப்புறம் கட்டினது."

"அவரோட துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை?"

"அவரும் அதே வருஷம் ஜனவரில தவறிட்டாரு சார். ஆதார் கார்டு குடுங்க."

பெரியப்பா கொஞ்ச நேரம் முற்றத்துத் தூணைத் தடவிக்கொண்டு நின்றார். "பர்மாத் தேக்கு. ஒரே மரம். இப்ப கிடைக்குமா?"

"நம்ம திண்டிவனம் வீட்டுல இதே மாதிரி நாலு இருந்துச்சு" என்றாள் பெரியம்மா. "நீங்கதான் பழைய மரக்கடைக்காரனைக் கூப்பிட்டுப் போட்டீங்க."

"அந்த வீட்டுல பல்லித் தொல்லை."

"அந்தா, இங்கயும் இருக்கு."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். உத்திரத்தில் இருந்த பல்லியும் அவரைப் பார்த்தது. ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம் வாடகை கொடுக்கும் வீட்டின் பல்லியை என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் அவருடைய உண்மையான ராத்திரி தொடங்குகிறது. பழைய வீடு வேண்டும் என்று தேடிப் பிடித்தவர், விடிய விடிய அந்த வீட்டைப் புதுசாக்கச் சொல்லிப் போன் போடுவார். கட்டிலைச் சுற்றிய கொசுவலை அழகாக இருக்கிறது. ஆனால் கொசுவத்தி எங்கே? குளியலறையில் வெந்நீர் வருகிறது; ஆனால் வாளி, மக் எங்கே? மரச் சன்னலின் சட்டத்தை ஏன் இன்னும் அலுமினியமாக மாற்றவில்லை? தரை ஏன் வழவழவென்று இல்லை? சுவரில் ஏன் ஓர் ஆணிகூட இல்லை?

ஆணி விஷயத்தில் மட்டும் அவர் விடுதியை நம்பி வந்ததில்லை. எங்கே போனாலும் பையில் ஒரு சுருள் நீல நைலான் கயிறு இருக்கும். ஒரு முனையைக் கட்டிலின் கடைசல் காலில் கட்டினார். மறுமுனையைப் பால்கனிக்குக் கொண்டுபோய், பூவேலை செய்த இரும்புக் கிராதியில் இரண்டு முடிச்சு. விரலால் சுண்டிப் பார்த்தார். வீணை மாதிரி நின்றது. நனைந்த எட்டுமுழ வேட்டியை நான்காக மடித்துப் போட்டார், பக்கத்தில் ஒரு சிவப்பு ஈரிழைத் துண்டு.

காலையில் ஏழு மணிக்கே எல்லாரையும் எழுப்பிவிட்டார். வாடகையில் டிபன் சேர்த்தியாம். பிறை மாதிரி வளைந்த குரோசானை விரலால் அழுத்திப் பார்த்து, "தொட்டுக்க என்ன தம்பி?" என்றார். வெண்ணெயும் ஜாமும் வந்தன. "காரச் சட்னி இல்லையா?" சமையற்கட்டில் யாரோ ஒரு புண்ணியவதி, அவர்களுடைய சொந்தச் சாப்பாட்டுக்கு அரைத்ததில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். பெரியப்பா மூன்று குரோசான் சாப்பிட்டார்.

பிறகு பக்கத்துக் கடையில் சாமான் வாங்கினார். சணல்நூல் கட்டிய குட்டிக் கண்ணாடிப் புட்டியில் உப்பு, நூற்றெண்பது ரூபாய். பேரமே இல்லாமல் கார்டைத் தேய்த்தார். "கையால வாரின உப்பாம்!" புட்டியைத் திருப்பிப் படித்த பெரியம்மா, "மரக்காணம்னு போட்டிருக்குங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. ஏனென்றால் தெருவில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா கேமராவைத் தூக்கி எங்கள் பால்கனியைக் குறிவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சுவர், பச்சைச் சன்னல், நடுவில் காற்றில் உப்பி நிற்கும் வெள்ளை வேட்டி. ஒரு படம், இரண்டு படம், குனிந்து ஒரு படம்.

பெரியப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"ஓடிப் போய் அந்தப் பச்சைத் துண்டையும் எடுத்துப் போடுடா. அப்படியே வேட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விடு."