கோபுரத்துக்கு மார்க் போட்ட துரை

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வருகிறவர்கள், அண்ணாமலையார் ராஜகோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். பதினொரு நிலை, 217 அடி. இதன் டேஸ்ட் சரிதானா என்று எவரும் கவலைப்படுவதில்லை. அந்தக் கவலையை லண்டன் ஏற்றுக்கொண்டிருந்தது!

நம் கோயில் கட்டடக்கலை பற்றித் துரைமார்களோடு கடிதப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் நம்மவர், தஞ்சாவூர் ராம் ராஸ். பெங்களூரில் நீதிபதி. வழக்குக் கட்டுகள் போதாதென்று சிற்ப நூல் ஏடுகளையும் தேடிப் பிடித்து, மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ரிச்சர்ட் கிளார்க் துரைக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாய்தா கேட்காத ஒரே கட்சிக்காரர் மானசாரம் என்ற சிற்ப நூல்தான் போல!

ஏடு கிடைத்தால் போதுமா? பண்டிதருக்கு சம்ஸ்கிருதம் தெரியும், கல் தெரியாது. சிற்பிக்குக் கல் தெரியும், சுலோகம் பிடிபடாது. கடைசியில் ஒரு கம்மாளச் சிற்பி கைகொடுத்துத்தான் கலைச்சொற்கள் புரிந்தன. அட்டையில் பெயர் யாருக்கு? நீதிபதிக்குத்தான், சாமி!

மனுஷன் சும்மா மொழிபெயர்க்கவில்லை. சம்பந்தி வீட்டு நகையோடு நம் வீட்டு நகையை ஒப்பிடுவதுபோல, கிரேக்க, ரோமானியத் தூண்களுக்குப் பக்கத்தில் நம் தூண்களை நிறுத்தினார். அடி, தண்டு, போதிகை எல்லாவற்றுக்கும் கணக்கு. தீர்ப்பு? நம்மிடம்தான் வெரைட்டி ஜாஸ்தி. நீதிபதி எந்த ஊர்க்காரர் என்று மறந்துவிடாதீர்கள்.

ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இந்தப் புத்தகத்தை 48 படங்களோடு லண்டனில் அச்சிட்டது, 1834-ல். ஆஹா! ஆனால் ஆத்தர் காப்பி வாங்க ஆத்தர் உயிரோடு இல்லை.

பிறகு வந்தார் ஜேம்ஸ் ஃபெர்குசன். அவுரி வியாபாரத்தில் காசு பார்த்துவிட்டுக் கட்டடக்கலைக்கு மார்க் போட உட்கார்ந்தவர். 1876-ல் வெளிவந்த பெரிய புத்தகத்தில் திருவாரூரைப் பார்த்து அலுத்துக்கொண்டார்: வெளிவாசல் பிரம்மாண்டம், உள்ளே போகப் போகச் சிறுத்துவிடுகிறதே! கிளைமாக்ஸை இன்டர்வெலுக்கு முன்னாலேயே காட்டிவிட்டார்கள் என்று கோபம்.

வாசலைவிட மூலவர் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே துரையின் கண்டிஷன்? திருவண்ணாமலையில் அது எப்போதோ நிறைவேறிவிட்டது. இங்கே மலையே சிவலிங்கம். கடல் மட்டத்திலிருந்து 2,600 அடிக்கு மேல்; 217 அடி கோபுரம் அதற்குக் கேட் மட்டும். இவ்வளவு கடிதம் எழுதினார்களே, இதை யாராவது துரைக்கு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?