உவரிக்குக் குடிபோற வெள்ளைக்காரத் தம்பிக்கு

வாரும் தம்பி, இப்படித் திண்ணையில உக்காரும். உவரியில கடலப் பாத்து வீடு புடிச்சிருக்கீராம். நல்லது. கடலும் ஒம்மப் பாக்கும்லா, அத யோசிச்சீரா? உப்புக்காத்துக்கு மொதல்ல புடிக்கது கதவுத் தாப்பாள். அப்புறம் பைக்குச் செயினு. கடைசியா ஒம்ம ஏசி. ஆடியில மேக்காத்து கெளம்பிச்சுன்னா தேரி மணலு சோத்துத் தட்டுக்கே விருந்தாட வந்துரும். பல்லுல நறநறன்னா பதறாதீரும், முழுங்கும்.

ஆத்துத் தண்ணி குடிக்க முக்கூடல் கெழவனுக்கு உப்புக்காத்தப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்கீரு. எம்மவள அந்தப் பக்கந்தான் கட்டிக்குடுத்திருக்கேன். வருசா வருசம் தாப்பாள் வாங்கிக் குடுக்கவன் நான்தாம்வே.

செட்டிலாக எத்தன மாசம் ஆகும்னு கேக்கீரு. ஒமக்குப் பக்கத்து ஊரு இடையங்குடியில இருந்தாரே வெள்ளைக்காரப் பாதிரி கால்டுவெல் ஐயரு, அவரு கதையக் கேளும். 1838ல மெட்ராசுல கப்பல விட்டு எறங்கினாரு. 1841ல இடையங்குடிக்கு வந்தாரு, அதுவும் நடந்து. நேர்வழியில இல்ல, நீலகிரி ஏறி எறங்கி. நீரு திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து இங்கன வர்றதுக்குள்ள கார்ல ஏசி குளுரலன்னு டிரைவரோட மல்லுக்கு நின்னீராமே? 1844ல நாகர்கோவில் மால்ட் ஐயரு மக எலைசாவக் கட்டினாரு. அந்தம்மாவுக்குத் தமிழு தண்ணிபட்ட பாடு. நான் ஒண்ணும் சொல்லல. சாதகம் கையோட கொண்டாந்திருக்கீரான்னுதான் கேக்குதேன்.

இடையங்குடிச் சர்ச்சுக்கு 1847ல வேல தொடங்கி 1880லதான் முடிச்சாவ. 33 வருசம்! நீரு பாத்ரூம் டைல்ஸ் ஒட்ட கொத்தனாரு மூணு வாரமா வரலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு. கால்டுவெல் ஐயரு அதுவரைக்கும் சும்மாவா இருந்தாரு? 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தப் போட்டாரு. அப்புறம் 1881ல நம்ம திருநெல்வேலிச் சீமைக்கே சரித்திரம் எழுதிக் குடுத்தாரு. கொத்தனாரு வர்றதுக்குள்ள நீரும் நாலு பக்கம் எழுதலாம். 1891ல கொடைக்கானல்ல உசுரு போனப்பவும், ஒடம்ப இடையங்குடிக்குத்தான் கொண்டாந்து அடக்கம் பண்ணாவ.

டோனாவூரு ஏமி கார்மைக்கேல் அம்மா அதுக்கும் மேல. 1895ல இந்தியாவுக்கு வந்தவ, 1951ல கண்ண மூடுத வரைக்கும் ஒரு லீவுக்குக்கூட ஊருப்பக்கம் போகல. நீரு கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு அட்வான்ஸே குடுத்திருக்கீரு.

கூடங்குளத்து அணு உலை ரஷ்யாக்காரரு மாதிரி இருந்துட்டுப் போறேம்பீரு. அவுகளுக்கு அணுவிஜய் நகரு இருக்கு, காம்பவுண்டு இருக்கு. ஒமக்குக் காம்பவுண்டு பக்கத்து வீட்டு ஆச்சிதான். அவ எட்டிப் பாக்காத நாளு கெடையாது.

காயிதத்துக்கும் கொறவில்ல. நீரு குடிவந்த 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரரு படிவம் போட்டு சர்க்காருக்குச் சொல்லணும். அதுக்கு முன்னயே ஊரு ஒம்ம விசாரிச்சு முடிச்சிரும். இப்ப நம்ம தெருவுலதான நடந்து வந்தீரு? வாசல்ல பீடி சுத்துத பொம்பளைய தல நிமுந்த மாதிரியே தெரிஞ்சிருக்காது. மடியில சொளவு, கையில கத்திரி. தகரத்த வச்சு இலைய வெட்டி, தூளப் போட்டு உருட்டி, நூலச் சுத்தி, வாய மடக்குத வரைக்கும் கண்ணு கையிலதான். ஆனா ஒம்ம செருப்பு என்ன வெல, சட்டையில எந்தப் பொத்தான் இல்ல, கூட ஆளு உண்டா இல்லையாங்கது எல்லாம் நீரு தெரு முக்கு திரும்பும் முன்ன அடுத்த தெருவுக்குப் போயாச்சு. சம்பளம் மட்டுந்தான் தெரியலையாம். அத எங்கிட்டச் சொல்லும், நான் பாத்துக்கிடுதேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கிடும். டீக்கடையில ஒமக்குன்னு துண்டால சேரத் துடைச்சுப் போடுத வரைக்கும் நீரு விருந்தாளி. என்னைக்கு ஒருத்தன் பெஞ்சுல ஒம்ம இடிச்சு, 'தள்ளி உக்காரும்வே'ன்னு சொல்லுதானோ, அன்னைக்கு ஒம்ம அம்மைக்குப் போனப் போடும், செட்டிலாயாச்சுன்னு. அதுக்கு மாசக் கணக்கு எங்கிட்டக் கெடையாது.

அது கெடக்கட்டும். வாடக எவ்வளவு சொன்னான்? பன்னெண்டாயிரமா? ஏயப்பா! ஆறாயிரத்துக்கு மேல ஒரு சல்லி பெறாது. புரோக்கரு யாரு, நெத்தியில தழும்போட கட்டையா இருப்பானே, அவனா? வெளங்கும். அவன் எம் மச்சினன்தான். போயி அடிச்சுப் பேசும், எறங்குவான். ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீரும்வே. எனக்கு வரவேண்டியதுலயும் கைய வச்சிருவான்.