பரங்கிச் சிற்பியார்

அக்டோபர் மாதத்தின் நடுவில், மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கி, வாசற்படிதோறும் வைக்கோற்கட்டும் சாமந்தித் தொட்டியும் வந்து அமர்ந்துவிட்ட ஒரு சனிக்கிழமைக் காலையில், கார் ஷெட்டின் கதவை உயர்த்திவிட்டு, மேசையின்மேல் பழைய செய்தித்தாள்களை ஒரு சுருக்கமும் விழாமல் விரித்து, நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டி இறுக்குகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். மற்ற பதினொரு மாதங்களிலும் இவர் பரம சாது. புல்வெட்டும் யந்திரத்தைத் தள்ளுவார். எதிர்ப்பட்டால் கையை உயர்த்துவார். வரி, வானிலை தவிர வேறெதிலும் இவருக்கு அபிப்பிராயம் கிடையாது. ஹாலோவீன் நெருங்கும்போது மட்டும், பரங்கிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கேற்றும் அந்தக் கலையின் சகல சாஸ்திரங்களும் இவருக்குள் ஒருங்கே ஆவிர்ப்பவித்துவிடுகின்றன.

எதற்காக இத்தனை பிரயாசை என்று கேட்டால், "எல்லாம் குழந்தைகளுக்காகத்தான்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவருடைய குழந்தைகள் வருஷம் தவறாமல் மோசம் போகிறார்கள்.

பண்ணையில் காய் பொறுக்குகிற கட்டத்திலேயே மோசம் ஆரம்பித்துவிடுகிறது. ஏழு வயதுப் பெண் ஒரு கோணற் பரங்கியை, அதன் கன்னத்தில் கிடக்கும் பருக்களுக்காகவே காதலித்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வரும். இவர் அதை வாங்கி, அடிப்பாகம் சமமாக இல்லை என்று சொல்லி, கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். இவருக்கு வேண்டியது ஹௌடன் ஜாதி. மாஸசூஸெட்ஸில் ஜான் ஹௌடன் என்ற விவசாயி பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துப் பெருக்கிய அந்தக் காய்க்குத்தான் கைப்பிடிக்கு உதவும் கெட்டிக் காம்பும், கத்தி நழுவாத தோலும் உண்டாம். இருக்கலாம். கோணற் பரங்கியின் சொந்தக்காரியோ கார் வரும் வரையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறாள்.

வீட்டுக்கு வந்தபின் தொழிற்பங்கீடு நடக்கிறது. மூடியை வெட்டுவது இவர் பங்கு. ஏனென்றால் கத்தியை நேராக இறக்கினால் மூடி உள்ளே விழுந்துவிடும், சாய்த்து இறக்கினால்தான் விளிம்பில் தங்கும் என்ற ரகசியம் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூடி வந்ததும் குழந்தைகளின் பங்கு பிறக்கிறது. ஆளுக்கொரு கரண்டி கொடுத்து, "இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை" என்று கம்பீரமாக அறிவிக்கிறார். பரங்கியின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டவர்களுக்குத்தான் அந்த முக்கியத்துவத்தின் பெருமை தெரியும். சில்லென்று, வழவழவென்று, விரலுக்கு விரல் ஒட்டிக்கொண்டு, உதறினால் சட்டையில் போய்க் குடியேறுகிற அந்த நாரையும் விதையையும் வழித்து முடிப்பதற்குள் சின்னவன் இரண்டு தரம் அழுதுவிடுகிறான். வழித்தால் மட்டும் போதாது. உட்சுவரைச் சுரண்டி, விளக்கின் ஒளி ஊடுருவும்படியாக ஓர் அங்குல கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவர் டார்ச் விளக்கை உள்ளே விட்டுப் பார்க்கிறார். உட்புறத்தைத் தடவிப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒருகணம் யோசிக்கிறார். "இன்னும் கொஞ்சம்" என்று காயைக் குழந்தையிடமே திருப்பித் தருகிறார். இந்த 'இன்னும் கொஞ்சம்' மத்தியானம் வரையில் போகும்.

சுரண்டுகிறவர்களுக்குச் சோர்வு தட்டாமல் இருப்பதற்காக இவர் ஓர் உபந்நியாசமும் செய்கிறார். ஜாக் என்ற கஞ்சன் சாத்தானையே ஏமாற்றினானாம்; செத்தபின் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை என்றாகி, ஒரு தீக்கங்கைக் குடைந்த டர்னிப் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு இன்றைக்கும் இருட்டில் அலைகிறானாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்த ஜனங்கள் அமெரிக்காவுக்குக் குடியேறி, இங்கே அதைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு இலகுவாகவும் பரங்கி விளைவதைக் கண்டு அதற்கு மாறிக்கொண்டார்கள் என்பது வரை கதை சரிதான். 1820இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய 'ஸ்லீப்பி ஹாலோ' கதையில் தலையில்லாக் குதிரைவீரன் முகம் செதுக்கிய பரங்கியை வீசியதாக இவர் சொல்வதுதான் பிசகு. அந்தக் கதையில் வருவது உடைந்து கிடக்கும் ஒரு வெறும் பரங்கி, அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தவர்கள் பிற்காலத்துச் சித்திரக்காரர்கள். ஆனால் சரித்திரத்தில் இத்தனை சிரத்தை உள்ளவர், அயர்லாந்தின் மேயோ பிரதேசத்தில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் பழைய டர்னிப் விளக்கின் வார்ப்பைப் படத்திலாவது பார்த்திருக்க வேண்டாமா? கோணல் வாய், ஒழுங்கற்ற பல், சுருங்கிய மூஞ்சி; பார்த்தால் பெரியவனுக்கே குலை நடுங்கும். அதைக் குடைந்த கை எதுவாயிருந்தாலும், உட்சுவரின் கனத்தை அளந்துகொண்டிருந்த கையல்ல.

சுரண்டல் முடிந்ததும் மாதிரிப்படத் தாளைக் காயின்மேல் ஒட்டி, கோடுகளின் வழியே ஊசியால் புள்ளி குத்த வேண்டும். முதல் சில புள்ளிகளைக் குத்தும் பாக்கியம் பெண்ணுக்குக் கிடைக்கிறது. அவை கோட்டைவிட்டு ஒரு நூல் விலகியிருப்பதைக் கண்டதும் ஊசி இடம் மாறிவிடுகிறது. அப்புறம் ரம்பம். ஆரஞ்சு நிறப் பிடி போட்ட அந்தச் சிறு ரம்பத்தின் பற்களை, நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பதம் பார்க்கிற நிதானத்தோடு இவர் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது, "இப்போ நானாப்பா?" என்று குழந்தை கேட்கிறது.

"இந்த மூக்கு மட்டும் முடியட்டும்மா."

மூக்கு முடிகிறது. கண் ஆரம்பிக்கிறது. கண் நுணுக்கமான வேலை, முடியட்டும் என்கிறார். பல்வரிசை அதைவிட நுணுக்கம். கடைசியில், தாமே அறுத்துவிட்ட ஒரு துண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளும்படி குழந்தைக்கு அனுமதி கிடைக்கிறது. தள்ளியதும், "சபாஷ், நீயே செதுக்கிவிட்டாயே!" என்கிறார். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! சற்று நேரத்தில் குழந்தைகள் இரண்டும் உள்ளே போய்த் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுகின்றன. இவர் அதைக் கவனிக்காமல், "பார்த்தீர்களா, ரம்பத்தை அழுத்தக் கூடாது, அது பாட்டுக்கு நடக்க விட வேண்டும்" என்று காலியான நாற்காலிகளுக்குப் போதித்துக்கொண்டிருக்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் கீன் என்ற ஊரில், 2013ஆம் வருஷம், 30,581 பரங்கி விளக்குகளை ஒருசேர ஏற்றி உலக சாதனை செய்தார்கள். அத்தனையையும் இவரைப் போன்றவர்களிடம் ஒப்படைத்திருந்தால் அவ்வூரார் இன்னமும் மூக்கு முடியக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன், யாரையும் குறிப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தி சாய்ந்து, விளக்கை உள்ளே வைத்து மூடியபின், ஊளையிடும் ஓநாயும் அதன் பின்னே முழுநிலவுமாக அந்தக் காய் எழுந்து நிற்கும்போது, தோலை மட்டும் சீவிய இடத்தில் தேன்நிறமும், முழுக்க அறுத்த இடத்தில் பொன்னிறமுமாக ஒளி பிரிந்து விழுவதைக் கண்டால், இவரிடத்தில் உள்ள கோபத்தில் பாதி போய்விடுகிறது. குளிரில் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கத்தில் தனியாக நின்று, தம் வீட்டு வாசலைத் தாமே வேடிக்கை பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்தால் அதற்கும் ஏழு வயதுக்கு மேல் மதிக்கத் தோன்றாது.

மறுநாளே அணில்கள் வந்து ஓநாயின் மூக்கைத் தின்றுவிடுகின்றன. இவர் வெட்டுவாய்களில் வாஸலின் தடவுகிறார். ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்கிறார். அணிலுக்குப் பரிகாரமாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி மிளகாய்ப்பொடி கடன் வாங்கிப் போகிறார். குடைந்த காயின் ஆயுசு ஒரு வாரம். 31ஆம் தேதிக்கு இவ்வளவு முன்பாகச் செதுக்கினால் குழந்தைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாக வரும் இரவில் பூஞ்சை படர்ந்து வாய் உள்ளே மடிந்த ஒரு கிழவன்தான் வாசலில் இருப்பான் என்று தெரிந்தும், ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். அப்போது இரண்டாவது பரங்கி செதுக்கலாமாம்.

அந்த இரண்டாவது பரங்கியைப் பற்றித்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நாங்கள் வசிக்கும் இல்லினாய் மாநிலத்தில் நாட்டிலேயே அதிகமாகப் பரங்கி விளைகிறது. காய்க்குப் பஞ்சமில்லை, விலையும் அதிகமில்லை. அந்த ரம்பமோ சமையலறைக் கத்தியைவிட ஆபத்துக் குறைவாக இருக்கட்டும் என்றே மெல்லியதாய், நுண்ணிய பல் வைத்துச் செய்யப்படுகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஏழு வயதுப் பெண் தாராளமாகப் பிடிக்கலாம். இருந்தும் அவள் கையில் கரண்டிதான். இது வேடிக்கையல்ல, அநியாயம். குழந்தைகளின் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் விளையாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழுக்கு வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டுவதில்தான் ஆட்சேபம்.

ஆகவே இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு என் விண்ணப்பம்: அடுத்த அக்டோபரில் அவர் டேப் ஒட்டிக்கொண்டிருக்கும் வேளை பார்த்து, பண்ணையில் இருப்பதிலேயே கோணலான பரங்கி ஒன்றைச் சமையலறை மேசைமேல் வைத்து, மூடியை மட்டும் வெட்டிக்கொடுத்து, ரம்பத்தைப் பெண்ணின் கையில் தாருங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள், கதவைத் தாழ்போட்டுவிடுங்கள்.