ஆசைப் பதிவேடு

வாளையாறு முதல் குமுளி வரை, கேரளத்தின் தமிழ் எல்லையோரத்தில் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு பட்டியல்காரர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மற்றவர்கள் குருவாயூரப்பனையோ வேளாங்கண்ணி மாதாவையோ வைத்திருப்பார்கள். இவர் ஆனைமுடி மலையை வைத்திருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முதல் சர்க்கரை ரிப்போர்ட் கைக்கு வந்த வாரத்தில்தான் பட்டியல் பிறந்திருக்கும்.

நான் சொல்லப்போகிறவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், நாளைக்கு நான் அங்கே ஒரு சான்றிதழுக்குப் போகவேண்டியிருக்கிறது. வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீஸில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

2007-இல் ஜாக் நிக்கல்சனும் மார்கன் ஃப்ரீமனும் நடித்து ஒரு ஹாலிவுட் படம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் இரண்டு பெரியவர்கள், சாவதற்குள் செய்யவேண்டியதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிரமிடு, தாஜ்மஹால், சீனப் பெருஞ்சுவர் என்று ஒன்றையும் விடுவதில்லை. அதில் ஒருவர் கோடீஸ்வரர், அந்த ஆஸ்பத்திரியே அவருடையதுதான். மேலதிகாரியிடம் லீவு கேட்கும் காட்சி அந்தப் படத்தில் கிடையாது. நம் ஆள் கதையில் பெரும்பாலும் அந்தக் காட்சிதான்.

மகனுடைய லேப்டாப்பில் படத்தைப் பார்த்த மறுநாளே, ஆபீஸில் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வரிசை எண், விவரம், உத்தேசச் செலவு, தேவைப்படும் விடுப்பு, நிறைவேறிய தேதி, குறிப்பு. ஆசையைக்கூட ஆறு காலம் பிரித்து எழுதினால்தான் அவருக்கு ஆசையாகத் தெரியும். இருபத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த கண்.

கேரள அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 20 கேஷுவல் லீவு. காதுக்கு நிறைவான எண்தான். கல்யாணம், காதுகுத்து, மாமனாருக்குக் கோயமுத்தூரில் கண் ஆபரேஷன், மாகாளியம்மன் பொங்கல் எல்லாம் போக ஓணத்துக்குள் அது கரைந்துவிடும். ஈட்டிய விடுப்பில் கை வைக்கலாம் என்றால் வீட்டில் நிதியமைச்சகம் விடாது. வருஷத்துக்கு 30 நாள் வரை சரண்டர் செய்யலாம் என்பது அந்த அம்மாவுக்கு மனப்பாடம்.

"ஏனுங்க, அந்த முப்பது நாளைச் சரண்டர் பண்ணுனா காசுங்க. மலையப் பார்க்கப் போனா மலையா காசு குடுக்கும்?"

இதற்கு ஜாக் நிக்கல்சனிடமும் பதில் இருக்காது.

லீவு என்பதே காசுதான் என்று நினைத்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. ஒரு காலத்தில் கேரளத்தில் சம்பளமில்லா விடுப்பை 20 வருஷம் வரை நீட்டிக்கொள்ளலாம். அதில் வளைகுடாவுக்குப் போய், தலை நரைத்துத் திரும்பிவந்து, நாற்காலியைத் தட்டி உட்கார்ந்து ரிடையர் ஆனவர்களை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: வீடு. 2020-இல் அந்த விடுப்பை 5 வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். நம் ஆள் அதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், என்னவோ அடுத்த வாரம் துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்தவர் மாதிரி.

எர்ணாகுளத்து டீக்கடைத் தம்பதி விஜயன், மோகனாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் முகம் சுருங்கும். டீ விற்ற காசைச் சேர்த்து, போதாததற்குக் கடன் வாங்கி, 25 நாடுகளுக்கு மேல் பார்த்தவர்கள். திரும்பிவந்து டீ ஆற்றியே கடனை அடைப்பார்கள், அடைந்ததும் அடுத்த நாடு. 2021-இல் ரஷ்யா போய்வந்த கொஞ்ச நாளில் விஜயன் காலமானார். "அவங்களுக்கென்ன சார், சொந்தக் கடை. ஷட்டரை இறக்குனா லீவு" என்பார் நம் ஆள். ரிஜிஸ்டர் இல்லாமல் இத்தனை நாடு பார்த்ததை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அவருடைய பட்டியல் இவ்வளவு தூரமெல்லாம் போகாது. வரிசை எண் 1, நீலக்குறிஞ்சி. 2006-இல் பூத்தபோது கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து 2018 ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி நான்கு நாள் லீவை அரசின் ஸ்பார்க் இணையதளத்தில் போட்டு, அனுமதியும் வாங்கிவிட்டார். ஜூன் மாதமே வாங்கினார், அந்த அனுமதியை பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்த ஆகஸ்டில்தான் கேரளமே தண்ணீரில் மிதந்தது. உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போகிற பாதையில் பெரியவரை என்ற இடத்துப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. லீவு கையிலிருந்தது, பாதை இல்லை. ரத்துசெய்ய மனம் வராமல் நான்கு நாளும் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் வெள்ளம் பார்த்தார்.

அடுத்த பூ 2030-இல். அவர் ரிடையர் ஆவது அதே வருஷம் மே 31. (கேரளத்து அரசு ஊழியரில் நிறையப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள், பெற்ற தாய்க்குத் தெரியாத இந்தத் தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது.) "அப்ப பிரச்சினையே இல்லையே சாரே, லீவே கேட்கவேண்டாமே" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். நம் ஆள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"லீவு போடாமப் போனா அது எப்படி லிஸ்ட்ல வரும்?"

எல்லையோரத்து இடங்களும் லேசுப்பட்டவை அல்ல, அவற்றுக்கும் சொந்த விடுப்பு விதிகள் இருக்கின்றன. வரையாடு குட்டி போடும் காலம் என்று வருஷாவருஷம் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆட்டுக்கு மகப்பேறு விடுப்பு ஒரு நாள்கூடப் பிசகாமல் கிடைக்கிறது, சூப்பிரண்டு கையெழுத்துக் கேட்காமலே. பரம்பிக்குளம் இவருடைய சொந்தப் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். சொந்த மாவட்டத்துக்குப் பக்கத்து மாநிலம் வழியாகப் போகும் பயணத்தை எந்த விடுப்பில் சேர்ப்பது என்று இரண்டு வாரம் யோசித்தார். அங்கிருக்கும் கன்னிமரா தேக்கு மரத்தை ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது ஒன்றுதான் அதில் மிச்சம், எந்த விடுப்பு என்று முடிவாகாமல் ரிஜிஸ்டரில் தேதி விழவில்லை.

குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில் இன்னும் கண்டிப்பு: வருஷத்தில் 364 நாள் அதற்கு விடுப்பு, சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் வேலை. இடுக்கியும் தேனியும் சேர்ந்து ஏற்பாடு செய்து, ஜீப்பில் ஆளை ஏற்றி, சாயங்காலத்துக்குள் இறக்கிவிடுவார்கள். 2024-இல் பௌர்ணமி ஏப்ரல் 23. கேரளத்தில் வாக்குப்பதிவு 26. நம் ஆளுக்குப் போலிங் டியூட்டி. பாண்டியனிடம் அனுமதி கேட்டுக்கொண்டா கண்ணகி மதுரையை விட்டு வந்தாள் என்று ஆபீஸில் ஒரு நாள் முழுக்கச் சத்தம் போட்டுவிட்டு, வாக்கு இயந்திரத்தை எப்படிச் சீல் வைப்பது என்ற வகுப்புக்குப் போனார்.

ஆக, இத்தனை வருஷத்தில் ஒழுங்காக 'நிறைவேறிய தேதி' விழுந்தது கொளுக்குமலைக்குத்தான். மலை தேனி மாவட்டத்தில், பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. சூரியோதயம் பார்க்கவேண்டுமானால் விடிகாலை நான்கு மணிக்கு ஜீப் ஏறவேண்டும். பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறோம், பாறாங்கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குரங்குக் குல்லாய், மஃப்ளர், மேலே ஆபீஸ் ரெயின்கோட் சகிதமாக முன்சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்த கையை விடாமல், ஓட்டுநரிடம் விசாரணை நடத்தினார். உதயம் எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் நீடிக்கும்? மேகம் வந்தால் மறுபடி காட்டுவார்களா?

மேலே போனால் பால் மாதிரி மூடுபனி. பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியவில்லை, அவர் கையிலிருந்த டீயின் ஆவி மட்டும் தெரிந்தது. ஐம்பது பேர் ஐம்பது செல்போனை வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று.

"இன்னிக்கி இம்புட்டுத்தான்ணே. நாளைக்கி வாங்க, சூப்பரா தெரியும்" என்றார் ஓட்டுநர்.

"நாளைக்கு எனக்கு ஜாயினிங் தம்பி."

பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து, ஜீப் பானெட்டின்மேல் வைத்து எழுதினார்: 'நேரில் சென்று பார்வையிடப்பட்டது. சூரியன் ஆஜரில்லை.' தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தார். இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தி, சூரியனைப் பார்த்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

போன ஜெனரல் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஊர், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம்.

இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள் சகாக்கள். ஆனைமுடி பக்கத்திலேயே, இரவிகுளம் சைக்கிள் தூரம், குறிஞ்சி பூத்தால் டீ இடைவேளையில் போய் வரலாம், சம்பளமும் உண்டு. நம் ஆள் இனிப்பைத் தொடவில்லை. இடுக்கி டிரான்ஸ்ஃபர் என்றால் தண்டனை என்று கேரளத்தில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது, எழுதிய விதிகளைவிட அவருக்கு அதில் நம்பிக்கை அதிகம். அன்று மாலையே சங்கத்துத் தலைவர் வீட்டு வாசலில் நின்றார். மனுவில் காரணங்கள்: மூட்டு வலி, மனைவிக்கு ஆஸ்துமா, மலைப்பிரதேசச் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒவ்வாமை, வளைவுச் சாலையில் தலைசுற்றல்.

உத்தரவை ரத்துசெய்யத் திருவனந்தபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்குமாக அலைந்ததில் ஈட்டிய விடுப்பு 30 நாளும் தீர்ந்தது. சரண்டர் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் குளுருல மனுசன் இருப்பானுங்களா? லீவு போனாப் போகுது" என்று அந்த அம்மாவே பலகாரம் கட்டிக்கொடுத்து ரயில் ஏற்றிவிட்டார்.

உத்தரவு ரத்தாயிற்று. பழைய சீட்டில், பழைய மின்விசிறிக்கு அடியில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்தார். அடுத்த காலி வரியில் எழுதினார்: தேவிகுளம். தேவைப்படும் விடுப்பு, மூன்று நாள்.