நத்தைக்குக் கல்விக் கடன் இல்லை

இங்கிலாந்தின் எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் போங்கள், நட்டநடுவில் ஒரு பெரிய கடை பூட்டிக் கிடக்கும். 2009 ஜனவரியில் செத்த உல்வொர்த்ஸ், 2016இல் கவிழ்ந்த பிஎச்எஸ், 2021இல் கடைசிக் கதவையும் சாத்திய டெபன்ஹாம்ஸ் என்று ஏதாவது ஒன்றின் எலும்புக்கூடு. ஒருநாள் பக்கத்துக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் வாளியும் பிரஷுமாக வந்து இறங்குவார்கள். எலிப் புழுக்கையைக் கூட்டி, ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்து, விளக்கு மாட்டி, ‘சமூகக் கலைக்கூடம்’ என்று பலகை வைப்பார்கள். திறப்பு விழாவுக்கு மேயர் கழுத்துச் சங்கிலியோடு வருவார். கட்டட முதலாளிக்குக் கலைப் புரவலர் பட்டம். பிள்ளைகளுக்கு அனுபவம். அனுபவத்தைக் கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகை ரசீது எழுதித் தருவார் போலிருக்கிறது!

புரவலரின் வள்ளல்தன்மையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அங்கே கடை காலியானால் முதல் 3 மாதம் வணிக வரி கிடையாது. அதன்பின் பெரிய கடை என்றால், ஈ காக்கை இல்லாவிட்டாலும் முழு வரி. அறக்கட்டளை ஒன்று உள்ளே வந்து கலைக்கூடம் நடத்தினால் 80 சதவீதம் தள்ளுபடி. இன்னொரு ஓட்டையும் உண்டு. யாராவது சில வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினால் அந்த 3 மாத விலக்கு புதிதாகத் தொடங்கும். 2024 மார்ச் வரை அதற்கு 6 வாரம் போதும், இப்போது 13 வாரம். கண்காட்சி எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதை ஓவியர் முடிவு செய்வதாகவா நினைத்தீர்கள்?

இதற்குக் கலைதான் வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பெருங்கிடங்கின் தரையில் வெறும் 0.2 சதவீத இடத்தில் காகிதக் கட்டுகளை வைத்திருந்ததே ‘புழக்கம்’தான் என்று 2012இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அலுவலகக் கட்டடத்துக்குள் நத்தைப் பண்ணை வைத்தார்கள். விவசாயத்துக்கு வரி இல்லையாம். நத்தை, காகிதக் கட்டு, ஓவிய மாணவர் மூவரும் வரிப் புத்தகத்தில் ஒரே சாதி. நத்தைக்காவது கல்விக் கடன் இல்லை.

அந்தக் கடன்காரப் பிள்ளைகளுக்கு அரசு என்ன செய்தது? 2021இல் கல்வி அமைச்சராக இருந்த கேவின் வில்லியம்சன், கலைப் படிப்புகளுக்கான கூடுதல் மானியத்தைத் தலைக்கு 243 பவுண்டிலிருந்து 121.50 பவுண்டாகச் சரிபாதி வெட்டினார். பிள்ளைகள் ஆண்டுக்கு 9,250 பவுண்ட் கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கலை, நாட்டின் முன்னுரிமைப் பட்டியலில் இல்லையாம். பாழடைந்த தெருவுக்குப் பவுடர் பூச மட்டும் அந்தப் பட்டியல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

2013 ஜூனில் ஜி8 தலைவர்கள் வட அயர்லாந்தின் ஃபெர்மனாவுக்கு வந்தபோது, மூடிக் கிடந்த கடைக் கண்ணாடிகளில் சரக்கு நிறைந்த கடையின் படத்தை ஒட்டிவைத்தார்கள். பித்தலாட்டம்தான். ஆனாலும் அதைச் சமூகசேவை என்று யாரும் சொல்லவில்லை, ஒட்டியவர்களிடம் அனுபவம் கிடைக்கும் என்று ஓசியில் வேலை வாங்கியதாகவும் கேள்வியில்லை.

பிள்ளைகள் செய்யும் வேலையில் ஒரு குறையும் இல்லை. கூட்டம் வருகிறது, தெருவில் காபி வாசனை எழுகிறது, நல்ல வாடகைக்கு ஆள் வருகிறான். அன்றைக்கே கலைக்கூடத்துக்கு நோட்டீஸ். வெள்ளையடித்த சுவர் முதலாளிக்கு இலவசம்.

இங்கிலாந்து மாநகராட்சிகளிடம் ஒரு சட்டம் இருக்கிறது. 2 ஆண்டுகளில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையை, முதலாளி முரண்டு பிடித்தாலும், குத்தகைக்கு ஏலம் விடலாம். 2024 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிள்ளைகளே, அடுத்த முறை மேயர் ரிப்பன் வெட்ட வந்தால் கத்திரிக்கோலைத் தராதீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை எத்தனை கடையை ஏலம் விட்டார் என்று கேளுங்கள். முதலாளியிடம் இந்த ஆண்டு மிச்சமான வரி எவ்வளவு என்று கேட்டு, அதில் உங்கள் கூலியை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பிரஷைத் தொடாதீர்கள்.